ஏரி நிரப்பு, களி, கடல் மணல், பாறை: சென்னையைச் சுற்றி எந்த மண்ணில் வீடு வாங்கலாம்?

சென்னையில் மனை பார்க்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள், பட்டா தனிப்பட்டாவா கூட்டுப்பட்டாவா என்று கேட்கிறார்கள். மண் என்ன மண் என்ற கேள்வி அஸ்திவாரம் தோண்டும் அன்றுதான் எழுகிறது. அதற்குள் பத்திரம் பதிவாகி, வங்கிக்குத் தவணை கட்டவும் தொடங்கியிருப்பார்கள். அந்தக் கேள்வியை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கொண்டுவர வேண்டும். ஒரே பட்ஜெட்டில் நான்கு இடங்கள் கிடைத்தால், நான்கின் உண்மையான விலையும் மண்ணுக்கடியில் இருப்பதைச் சேர்த்தால்தான் தெரியும்.

பேட்டையின் பெயரை வைத்து மண்ணைத் தீர்மானிக்க முடியாது. பொதுவாகச் சொன்னால் திருவான்மியூர், அடையாறு, கொட்டிவாக்கம், சாந்தோம் எல்லாம் மணல். தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் களி. கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரியின் சில பகுதிகளில் பாறை மேலாகவே இருக்கிறது. ஆனால் அதே வேளச்சேரியில் ஏரியும் உண்டு, தெற்கே இறங்கினால் பள்ளிக்கரணைச் சதுப்பும் உண்டு. இரண்டு தெரு தள்ளினால் அஸ்திவாரத்தின் செலவே வேறு. ஆகவே கீழே வரும் ஒப்பீடு மண் வகையை வைத்துத்தான், ஊரை வைத்து அல்ல.

முதலில் ஒரு கைக்கணக்கு. தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள கான்கிரீட் தூண் வீட்டில், நடுத் தூண் ஒன்று சுமார் 30 டன் சுமையை மண்ணில் இறக்கும் என்று வைத்துக்கொள்வோம். மென்பாறை சதுர மீட்டருக்கு 45 டன் வரை தாங்கும் என்பது வழக்கமான மதிப்பு. கணக்குப்படி சுமார் 82 சென்டிமீட்டர் சதுர ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் போடும் கான்கிரீட் பாதம்) போதும். நடைமுறையில் ஒரு மீட்டருக்கு மேல்தான் போடுவார்கள். நடுத்தர இறுக்கமுள்ள மணல் காய்ந்த நிலையில் 25 டன் தாங்கும், நிலத்தடி நீர் மேலே இருந்தால் அதில் பாதி. அங்கே 1.6 மீட்டர் சதுரம் வேண்டும். மெதுகளி, அதாவது மிக மென்மையான களி, 5 டன்தான் தாங்கும். தூணுக்கு 6 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை மீட்டர் சதுரம் தேவை. தூண்களுக்கு நடுவே இடைவெளியே மூன்று, மூன்றரை மீட்டர்தான் என்பதால் ஃபுட்டிங்குகள் ஒன்றையொன்று நெருங்கி, பாதிப் பரப்புக்கு மேல் அவையே அடைத்துக்கொள்ளும். அப்போது வீடு முழுக்க அடியில் ஒரே கான்கிரீட் பலகை (ராஃப்ட்) போட வேண்டும், இல்லாவிட்டால் ஆழத்துக்குக் கான்கிரீட் கம்பங்களை (பைல்) இறக்க வேண்டும். இது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கணக்கு. மண் பரிசோதனையின் இடத்தை இது பிடிக்காது.

ஏரியும் சதுப்பும் நிரப்பிய மனை

விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். ரப்பீஸ் (கட்டட இடிபாடு), ஆற்றுப்படுகை மண், கிராவல் என்று எது கிடைத்ததோ அதைக் கொட்டி, மேலே ஓர் அடி செம்மண் பரப்பி, கல் நட்டு மனையாக்கியிருப்பார்கள். பார்க்கச் சமதளமாக, அழகாக இருக்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. நிரப்பிய மண் கனமீட்டருக்குச் சுமார் 1.8 டன். இரண்டு மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் சதுர மீட்டருக்கு 3.6 டன். ஒரு மாடி வீட்டின் மொத்த எடையை அது நிற்கும் பரப்பில் பரப்பினால் இரண்டரை முதல் மூன்று டன்தான் வரும். ஆக, நீங்கள் செங்கல் வைப்பதற்கு முன்பே அடியிலிருக்கும் மெதுகளியின் மேல் ஒரு வீட்டின் எடைக்கு மேல் ஏற்றியாயிற்று. அந்தக் களி தண்ணீரைக் கக்கி மெல்லமெல்ல அமுங்குகிறது. எத்தனை நாள் அமுங்கும் என்பது களி அடுக்கின் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது: அடுக்கு இரண்டு மடங்கு தடித்தால் காலம் நான்கு மடங்கு. மேலே போட்ட மண்ணை ரோலர் ஓட்டி எவ்வளவு இறுக்கினாலும் கீழே நடக்கும் இந்த அமுக்கம் நிற்காது. “நிரப்பி அஞ்சு வருஷம் ஆச்சு சார், செட் ஆயிடுச்சு” என்று தரகர் சொல்வதை அப்படியே நம்ப முடியாததற்கு இதுதான் காரணம்.

பைல் போட்டால் தீராதா? வீடு நிற்கும். ஆனால் சுற்றியுள்ள மண் இறங்கும்போது பைலையும் சேர்த்துக் கீழே இழுக்கும். வடிவமைப்பாளர் அந்த இழுவையையும் சுமையாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வீடு அசையாமல் நிற்க, படிக்கட்டு, கார் நிறுத்தும் தளம், காம்பவுண்டுச் சுவர், செப்டிக் டேங்க் எல்லாம் தனித்தனியாக இறங்கும். கழிவுநீர்க் குழாய் சுவரை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் முதலில் உடையும்.

ஏரியைச் சுற்றி எந்தப் பக்கம் மனை இருக்கிறது என்பதும் முக்கியம். கரைக்கு உள்ளே, நீர்ப்பரப்பில் இருந்தால் மண் மிக மோசம். கரைக்கு வெளியே மதகுக்குக் கீழே இருந்தால் அது பழைய ஆயக்கட்டு, நஞ்சை நிலம். மேல்மண் களி, பாசன வாய்க்கால் குறுக்கே போயிருக்கும், ஆனால் இயற்கையான மண் என்பதால் சமாளிக்கலாம். கலங்கலுக்கு எதிரே, உபரி நீர் ஓடும் வழியில் இருந்தால் மண் நன்றாகவே இருக்கலாம். பல ஆண்டு சொட்டுத் தண்ணீர் வராது. பிறகு ஒரு டிசம்பரில் முழு ஏரியும் அந்த வழியாகத்தான் வெளியேறும். 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் வேளச்சேரியும் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. சென்னையின் ஏரிகள் ஒன்றின் உபரி அடுத்ததில் விழும்படி சங்கிலியாக அமைந்தவை. மேலே இருக்கும் ஏரி உங்கள் மனைக்குத் தெரியாத தூரத்தில் இருக்கலாம்.

பெயர்களைக் கவனியுங்கள். தாங்கல், ஏந்தல், குட்டை, ஓடை, பள்ளம், கழிவெளி என்று சர்வே எண்ணோடு ஒட்டிவரும் வழக்குப் பெயர்கள் பொய் சொல்வதில்லை. மாம்பலம் ஏரி 1920களில் வற்றவைக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது; பக்கத்துக் குடியிருப்புக்கு லேக் ஏரியா என்றே பெயர்.

சட்டப்படியும் இதில் ஆபத்து தனி. நீர்நிலைப் புறம்போக்கில் ஒரு துண்டு சேர்ந்திருந்தாலும் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பாயும். பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபின் அதன் ஓரங்களில் கட்டட அனுமதி இன்னும் கடினமாகியிருக்கிறது. மற்ற மூன்று மண்ணிலும் உள்ள குறையைப் பணத்தால் சரிசெய்யலாம். இதில் மண் குறையைத்தான் பணத்தால் சரிசெய்யலாம். தண்ணீர் வரும் வழியையும் சர்க்கார் பதிவேட்டையும் மாற்ற முடியாது. பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு.

இயற்கைக் களி

களியின் குறை வேறு. அது தாங்காமல் போவதைவிட, அசைவதுதான் தொல்லை. மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். ஒரு மாடி வீடு இலேசானது என்பதால் உப்பும் களி அதைத் தூக்கிவிடும். நான்கு மாடிக் கட்டடத்தைவிடத் தரைத்தள வீட்டில்தான் விரிசல் அதிகம் தெரிவதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு உப்பும் என்பதை அளக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. காயவைத்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மில்லி அளவு ஜாடிகளில் போட வேண்டும். ஒன்றில் வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்), மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, காற்றுக் குமிழ் போனபின் 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீரில் படிந்த அளவிலிருந்து மண்ணெண்ணெயில் படிந்த அளவைக் கழித்து, பின்னதால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது உப்பல் சதவீதம். 50க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு. 50 முதல் 100 நடுத்தரம். 100க்கு மேல் போனால் சாதாரண ஃபுட்டிங் போடவே கூடாது. எந்த மண் பரிசோதனைக் கூடத்திலும் இதைச் செய்வார்கள். ஆனால் கேட்டால்தான் செய்வார்கள்.

உப்பும் களிக்கு நல்ல மருந்து அண்டர்-ரீம்டு பைல். 30 சென்டிமீட்டர் குழியின் அடியில் 75 சென்டிமீட்டருக்குக் குமிழாக அகலப்படுத்தி, குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்குவது. ஈரம் ஏறி இறங்கும் மேலடுக்கைத் தாண்டி, ஆண்டு முழுக்க ஒரே ஈரத்தில் இருக்கும் களியைக் குமிழ் பிடித்துக்கொள்ளும். பைலின் தலைகளை இணைக்கும் பீமுக்கு அடியில் 75 முதல் 100 மில்லிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும். கொத்தனார் அந்த இடைவெளியை மணல் போட்டு அடைத்துவிட்டால், உப்பும் களி பீமைக் கீழிருந்து முட்டும். செய்த செலவெல்லாம் வீண். தரைக்கு அடியிலும் களியை அப்படியே விடாமல் ஒரு மீட்டர் எடுத்துவிட்டு உப்பாத கிராவல் போட்டு இறுக்க வேண்டும். சுவரைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சரிவான சிமெண்ட் தளம், வேப்பமரமோ வேறு பெருமரமோ வீட்டிலிருந்து அதன் உயரத்துக்குச் சமமான தூரத்தில்.

இவ்வளவும் செய்ய ஆகும் கூடுதல் தொகையை மனை விலையில் குறைத்துப் பேச முடிந்தால், களிமண் மனை நல்ல தேர்வுதான்.

கடற்கரை மணல்

அஸ்திவாரத்துக்கு மணல் நல்ல நண்பன். சுமை ஏறும்போதே அமுங்கி முடித்துவிடும், வருடக்கணக்கில் இழுக்காது. தொல்லை எல்லாம் தண்ணீராலும் உப்பாலும். நிலத்தடி நீர் மழைக்காலத்தில் மிக மேலே வந்துவிடும் இடங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக உண்டு. உள்ளளவு 3 மீட்டர், 2 மீட்டர், 2 மீட்டர் கொண்ட 12,000 லிட்டர் கான்கிரீட் சம்ப்பை (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) எடுத்துக்கொள்ளுங்கள். சுவரும் தளமும் மூடியும் 15 சென்டிமீட்டர் என்றால் அதன் எடை சுமார் 13.6 டன். நிலத்தடி நீர் அதன் தலைமட்டம் வரை ஏறினால் மேல்நோக்கித் தள்ளும் விசை 17.5 டன். சுத்தம் செய்யக் காலி செய்த அன்று சம்ப் மிதந்து எழும், குழாய்கள் பிய்ந்துவிடும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன்மேல் மண் பாரம் ஏற்றுவது இதற்கு வழி.

உப்புக்காற்று படும் கடற்கரைச் சூழலை, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது. எம் 30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும், ஃபுட்டிங்கில் 50. பழைய வீடு வாங்கினால் பால்கனி அடிப்பக்கம், சன்ஷேட் விளிம்பு, மேல்நிலைத் தொட்டியின் அடி ஆகிய மூன்றிலும் கம்பி துருவேறிக் கான்கிரீட் பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிணற்று நீர் கோடையில் கரிக்கும். மணல் கழிவுநீரையும் வேகமாகக் கடத்தும் என்பதால் பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்க் உங்கள் போர்வெல்லுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்துவிடுங்கள்.

இங்கே காகிதத்தில் பார்க்க வேண்டியது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். ஊரகக் கடற்கரைப் பகுதிகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டுவதற்கு 2011 அறிவிக்கை தடை விதித்தது. கடல் தெரியும் மனை என்று விளம்பரம் வந்தால், அந்தக் கோடு வரைபடத்தில் எங்கே ஓடுகிறது என்பதே முதல் கேள்வி.

பாறையும் சரளையும்

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கரும்பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே பாறை என்பதால் வந்த பெயர். இதன் மேல், அல்லது இது மட்கி உண்டான சரளையின் மேல் கட்டினால் வீடு இறங்காது.

ஆனால் மூன்று இடத்தில் ஏமாறலாம். சரிவான மனையை வெட்டியும் நிரப்பியும் சமப்படுத்தியிருந்தால் வீட்டின் பின்பாதி பாறையில், முன்பாதி நிரப்பு மண்ணில் நிற்கும். இரண்டும் சேரும் கோட்டிலேயே சுவர் பிளக்கும். எல்லாத் தூண்களையும் பாறை வரை இறக்கினால் சரியாகும். இரண்டாவது, இந்தப் பகுதியின் கைவிட்ட கல்குவாரிகள். தண்ணீர் நிற்கும் குவாரி கண்ணுக்குத் தெரியும். குப்பையால் மூடிய குவாரி தெரியாது. மூன்றாவது, போர்வெல். பாறையில் வெடிப்பு கிடைத்தால்தான் தண்ணீர். பக்கத்து வீட்டில் இருக்கிறது என்பது உங்களுக்கு உத்தரவாதமாகாது.

காலி மனையா, கட்டிய வீடா, அடுக்ககமா

காலி மனையில் மண்ணைத் தோண்டிப் பார்க்கலாம்; அது பெரிய அனுகூலம். கட்டிய வீட்டில் தோண்ட முடியாது. ஆனால் அந்த வீடே பல மழையையும் கோடையையும் கண்ட பரிசோதனைக் கருவி. விரிசலைப் படியுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல ஏறும் விரிசல் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் சுவரின் ஓரங்கள் இறங்கியிருக்கின்றன, அல்லது நடுப்பகுதி உப்பியிருக்கிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்கியிருக்கிறது. கதவுகள் பருவத்துக்குப் பருவம் இறுகுகின்றனவா, கோலிக்குண்டு தரையில் தானாக உருள்கிறதா, காம்பவுண்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். களிமண்ணில் விரிசல் மே மாதக் கடைசியில் அதிகபட்சமாகத் திறந்திருக்கும், நவம்பரில் மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் புதுப் பட்டியும் பெயிண்டும் அடித்துக் காட்டும் வீட்டைக் கோடையில் இன்னொரு முறை பாருங்கள்.

அடுக்ககத்தில் மண் பரிசோதனை அறிக்கையைக் கட்டுநரிடம் கேட்க வேண்டும். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில், போரூர் ஏரிக்கு அருகே, கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்குப் பின்னும் அந்த அறிக்கையைக் காட்டத் தயங்குகிற இடத்தில் பணம் போடத் தேவையில்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 14ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநரே செலவின்றிச் சரிசெய்யக் கட்டாயப்படுத்துகிறது. மெதுகளி இறங்க ஐந்தாண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த வரிசையில் சோதிப்பது

காசு குறைவானதை முதலில் செய்யுங்கள். இணையத்தில் அ-பதிவேட்டையும் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) எஃப்.எம்.பி. வரைபடத்தையும் (சர்வே எண்ணின் புல அளவை வரைபடம்) எடுங்கள். நஞ்சையா புஞ்சையா, சர்வே எண்ணுக்குள் வாய்க்கால் ஓடுகிறதா, ஒட்டிய எண் புறம்போக்கா என்பது அதிலேயே தெரியும். தாய்ப் பத்திரத்தின் நான்கெல்லையில் ஓடை, ஏரிக்கரை என்று வருகிறதா பாருங்கள். புதுப் பத்திரத்தில் அது சாலை என்று மாறியிருக்கும். கூகுள் எர்த்தில் காலக்கோட்டைப் பின்னால் நகர்த்தி, மழைக்காலப் படங்களைத் தேடுங்கள்.

பிறகு நேரில். டீக்கடையிலும் பால்காரரிடமும் 2015, 2023 வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். தரகர் உடன் இல்லாத நேரத்தில் போவது நல்லது. மின் மீட்டர் பெட்டியை மேலே ஏற்றி வைத்த வீடுகள், வாசலில் புதிதாகக் கட்டிய தடுப்புச்சுவர், பாதி உயரத்தில் நிறம் மாறிய சுவர் எல்லாம் பேசும். வெள்ளக் குறியைக் கொத்தனாரின் டியூப் லெவல் வைத்து மனைக்குக் கொண்டுவாருங்கள். பேஸ்மட்டம் அதைவிட ஓர் அடியாவது மேலே வர வேண்டும். சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஜே.சி.பி. வைத்து இரண்டு மீட்டர் குழி. பிளாஸ்டிக், செங்கல் துண்டு, கறுத்து நாறும் அடுக்கு, சிப்பி, மட்கிய வேர் வந்தால் நிரப்பு அல்லது பழைய நீர்நிலை. குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம். ஒன்றரை மீட்டர் குழியின் சுவர்கூட எச்சரிக்கை இல்லாமல் சரியும். அள்ளிப் போட்ட மண்ணை மேலே வைத்தே பாருங்கள்.

கடைசியாக, துளையிட்டு மண்ணைச் சோதிக்கும் போர் (bore) பரிசோதனை. சிறிய கட்டடத்துக்கு நடுவில் ஒரு துளை போதும் என்று மண் ஆய்வுக்கான தரநிலை ஐ.எஸ். 1892 சொல்கிறது. நிரப்பு என்றோ சரிவு என்றோ சந்தேகம் இருந்தால் எதிர் மூலைகளில் இரண்டு போடுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் முதல் 15 சென்டிமீட்டர் இறங்கியபின் அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதுதான் N மதிப்பு. களியில் 4க்குக் கீழே மென்மை, 8க்கு மேல் உறுதி. மணலில் 10க்குக் கீழே தளர்வு, 30க்கு மேல் இறுக்கம். அறிக்கையில் ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் N மதிப்பு, நீர்மட்டமும் அது அளந்த தேதியும், உப்பல் சதவீதம், குளோரைடும் சல்பேட்டும், பரிந்துரைத்த அஸ்திவார ஆழம் இருக்க வேண்டும். மே மாதத்தில் அளந்த நீர்மட்டத்தை வைத்து சம்ப் கட்டக் கூடாது. பாறை தட்டியது என்று மூன்று மீட்டரில் நிறுத்தியிருந்தால் அது தனிக் குண்டுக்கல்லாகவும் இருக்கலாம். பக்கத்தில் இன்னொரு துளை கேளுங்கள்.

விற்பவர் சம்மதம் இல்லாமல் குழியோ துளையோ போட முடியாது. எனவே கிரய ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்: குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்குபவர் தம் செலவில் மண் பரிசோதனை செய்யலாம், நிரப்பு மண் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தாலோ, உப்பல் 100ஐத் தாண்டினாலோ முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும். களியும் மணலும் பாறையும் விற்பவர்கள் பெரும்பாலும் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். மறுக்கிறவரிடம் காரணத்தைக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்த மனையைப் பாருங்கள்.